சின்னப் பசங்க கால்பந்து: கிரவுண்டு ஓரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் காலை ஆறு மணிக்குப் பசங்களுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறேன். ஆறு வயதிலிருந்து பதினாறு வரை வருகிறார்கள். சின்ன வயதில் ஜெயிப்பதை விடக் கற்றுக்கொள்வதுதான் முக்கியம், மேட்சில் எல்லாருக்கும் சம நேரம் என்பது என் வழி. அதைப் பற்றி, பயிற்சி முடியும்வரை வண்டியில் சாய்ந்தபடி காத்திருக்கும் அப்பா அம்மாக்கள் கேட்கிற சந்தேகங்கள் வருடா வருடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஏப்ரல், மே லீவில் புதிதாகச் சேர்கிறவர்கள் ஒவ்வொருவரிடமும் நின்று பேச நேரம் போதுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒத்துப்போகாத இடம் இருந்தால் நேரில் சொல்லுங்கள், பேசுவோம்.

"ஜெயிக்கறது முக்கியம் இல்லைன்னா எதுக்குங்க சார் மேட்ச் ஆடணும்?"

பசங்களுக்கு ஜெயிப்பது முக்கியம்தான். இரண்டு செருப்பைக் கோலாக வைத்து ஆட விட்டாலும் ஸ்கோரை எண்ணுவார்கள், சண்டையும் போடுவார்கள். அதை நான் தடுப்பதில்லை. ஜெயிக்க ஆசைப்படாத பிள்ளை பந்தைத் துரத்த மாட்டான்.

நான் கேட்பது பெரியவர்களிடம். யாரை இறக்குவது, எந்த இடத்தில் நிறுத்துவது, தப்புப் பண்ணியவனிடம் என்ன சொல்வது என்று முடிவெடுக்கும்போது நம் கண் எதன் மேல் இருக்கிறது? இன்றைக்கு மத்தியானம் வரப்போகும் ஸ்கோர் மேலா, இந்தப் பிள்ளை பதினாறு வயதில் ஆடப்போகும் ஆட்டத்தின் மேலா? பன்னிரண்டு வயது வரை நான் பதினாறு வயதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறேன். இந்தப் பக்கத்தில் இருக்கும் மற்ற எல்லாப் பதிலும் இதிலிருந்து வருவதுதான்.

"மூணு மேட்ச் வரிசையா தோத்தாச்சு. எம் பையன் முன்னேறறானா இல்லையான்னு எதை வெச்சுத் தெரிஞ்சுக்கறதுங்க?"

அடுத்த மேட்சில் ஒரு பத்து நிமிடம் பந்தைப் பார்க்காமல் உங்கள் பையனை மட்டும் பாருங்கள். பந்து வருவதற்கு முன்னால் ஒரு தடவையாவது தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறானா? பந்து காலில் பட்டதும் அடங்குகிறதா, இரண்டு மீட்டர் தள்ளி ஓடுகிறதா? இடது பக்கம் வந்த பந்தை இடது காலாலேயே எடுக்கிறானா, சுற்றிவந்து வலது காலுக்கு மாற்றுகிறானா? பந்து பறிபோனால் இடுப்பில் கை வைத்து நின்றுவிடுகிறானா, திரும்ப ஓடுகிறானா? ஒரு தாளில் கோடு போட்டு எண்ணி வையுங்கள். ஜூன் மாதத்துத் தாளையும் அக்டோபர் மாதத்துத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

இவை எல்லாவற்றையும் விட நான் பெரிதாக நினைப்பது ஒன்று உண்டு. தப்புப் பண்ணிய அடுத்த நிமிடமே "எனக்குக் குடு" என்று மறுபடியும் பந்தைக் கேட்கிறானா என்பது. ஐந்து கோல் வித்தியாசத்தில் ஜெயித்த டீமிலும் பந்து தன் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று பயந்து நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தை எந்த ஸ்கோரும் காட்டிக்கொடுக்காது.

"எல்லாருக்கும் சம நேரம்னா, நல்லா ஆடற பையனுக்கு அது அநியாயம் இல்லீங்களா?"

கணக்குப் போட்டே பார்ப்போம். ஏழு பேர் ஆடும் 40 நிமிட மேட்சில் மொத்தம் 280 நிமிட ஆட்டம் இருக்கிறது. பன்னிரண்டு பேரைக் கூட்டிப் போனால் ஆளுக்கு 23 நிமிடம் வரும். நன்றாக ஆடுகிறவனுக்கு 17 நிமிடம் குறைகிறது, உண்மைதான். பயிற்சி நாட்களில் அவன் அதை ஈடுகட்டிக்கொள்வான். வெளியே உட்கார்ந்தவனுக்கு அந்த 23 நிமிடமும் போய்விட்டால் மேட்ச் என்றால் என்னவென்றே தெரியாமல் போய்விடும். உலகத்தில் பெயர்பெற்ற கோல் அடிக்கும் ஆட்டக்காரர்களில் ஒருவரான எர்லிங் ஹாலண்ட் நார்வேயில் பிரைனே என்கிற சின்ன ஊர் கிளப்பில் வளர்ந்தவர். அங்கே சுமார் 40 பிள்ளைகள் ஒரே குழுவாகப் பயிற்சி எடுத்தார்கள். கெட்டிக்காரன், சுமாரானவன் என்று சின்ன வயதிலேயே பிரித்து யாரையும் வெளியே அனுப்பவில்லை. அதனால் ஹாலண்ட் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. ஆரம்ப வருடங்களில் பத்து வயதுப் பிரிவில் ஒரு ஃபைனல். நாலு பிள்ளைகளைக் கடைசிவரை இறக்கவே இல்லை. ஜெயித்தோம். கோப்பையோடு போட்டோ எடுத்து முடித்ததும் எல்லாரும் ஜெர்சியைக் கழற்றிக் குவித்தார்கள். செம்மண், வியர்வை, புல் கறை. அதில் ஒரு ஜெர்சி மட்டும் காலையில் பையிலிருந்து எடுத்தபோது இருந்த மடிப்பு கலையாமல் அப்படியே இருந்தது. அந்தப் பையன் அதை மறுபடியும் மடிப்பு மேல் மடிப்பாக மடித்து என் கையில் கொடுத்தான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. அந்தக் கோப்பையை எந்த டீமிடம் ஜெயித்தோம் என்பது எனக்கு இப்போது நினைவில்லை. அந்த ஜெர்சி நினைவிருக்கிறது.

"டிவியில பதினொரு பேர்தானே ஆடறாங்க? நம்ம பசங்களை மட்டும் ஏன் சின்ன கிரவுண்டுல ஏழு பேரா ஆட வெக்கறீங்க?"

பெரிய கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். ஒன்பது வயதுக் கீப்பர் குதித்தாலும் மேல் கம்பிக்குக் கை எட்டாது. அவன் தலைக்கு மேல் தூக்கி அடித்தால் போதும், கோல். அப்படி ஜெயித்துப் பழகிய பிள்ளை வேறு எதையும் கற்றுக்கொள்ள மாட்டான். பதினொரு பேர் ஆட்டத்தில் இருபத்திரண்டு பேருக்கு ஒரு பந்து. நாலு பேர் ஆட்டத்தில் எட்டுப் பேருக்கு ஒரு பந்து. யார் காலில் அதிகம் படும் என்று சொல்ல வேண்டியதில்லை. பந்தின் அளவும் அப்படித்தான்: எட்டு வயது வரை 3-ஆம் நம்பர், பன்னிரண்டு வரை 4, அதற்கு மேல்தான் 410 முதல் 450 கிராம் எடையுள்ள 5-ஆம் நம்பர். "வளர்ந்தா உதவும்" என்று பெரிய பந்தாக வாங்கித் தராதீர்கள். பள்ளிக்கூடச் சட்டை மாதிரி இல்லை இது.

இது என் சொந்த யோசனையும் இல்லை. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2018-ல் தொடங்கிய கோல்டன் பேபி லீக் குறைந்த ஆட்களோடு சின்ன மைதானத்தில்தான் ஆடப்பட்டது. ஜெர்மனியில் 2024-25 சீசனிலிருந்து பதினொரு வயதுப் பிரிவு வரைக்கும் சின்ன ஆட்டங்கள்தான், புள்ளிப் பட்டியல் கிடையாது. இங்கிலாந்தில் பன்னிரண்டு வயதுப் பிரிவு வரை பதினொரு பேர் ஆட்டம் கிடையாது. உலகக் கோப்பை ஜெயித்த நாடுகளே அவசரப்படவில்லை.

"கீப்பர் பக்கத்துல பாஸ் போட்டு, பந்தை விட்டு, கோல் வாங்கறாங்க. தூக்கி அடிக்கச் சொன்னா என்னங்க சார்?"

அதிகமாக வரும் கேள்வி இது. கோபத்தோடு வரும் கேள்வியும் இதுதான்.

முதலில் ஒரு விதி. எதிரணி அடித்த பந்து நம் கோல் கோட்டுக்கு வெளியே போனால் கோல் பக்கத்திலிருந்து நாம் உதைப்பதுதான் கோல்கிக். 2019-லிருந்து அதை எடுக்கும்போது பந்து, கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெரிய கட்டமான பெனால்டி ஏரியாவைத் தாண்ட வேண்டியதில்லை. நம் ஆள் உள்ளேயே நின்று வாங்கலாம். பழைய விதியில் ஆடி வளர்ந்த அப்பாக்கள் பலருக்கு இது தெரியாததால், பசங்கள் ஏதோ விபரீதம் பண்ணுவதாக நினைக்கிறார்கள். கீப்பரிடமிருந்து பந்தை வாங்கித் திரும்பும் அந்த மூன்று நொடியில் ஒரு பிள்ளை பார்க்கிறான், யோசிக்கிறான், முடிவெடுக்கிறான். தூக்கி அடிக்கச் சொன்னால் அந்த மூன்று வேலையையும் அவனிடமிருந்து நாமே பிடுங்கிக்கொள்கிறோம். மேலே போன பந்து எங்கே விழும்? யாரோ ஒருவன் தலையில். அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் தலையால் முட்டுவதற்கே 2015-ல் தடை கொண்டுவந்தது. எங்கள் பயிற்சியிலும் அந்த வயதில் தலையால் முட்ட விடுவதில்லை.

போன மழைக்காலத்துக்கு முன் ஒரு மேட்ச். 1-1, முடிய ஐந்து நிமிடம். ஒன்பது வயதுப் பையன் கீப்பரிடம் பந்து வாங்கினான். எதிரே இரண்டு பேர் ஓடி வருகிறார்கள். போன வாரம் இதே இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு வேலிக்கு வெளியே உதைத்தவன். இந்தத் தடவை தலையைத் தூக்கி வலது பக்கம் பார்த்தான். பாதத்தின் அடிப்பகுதியால் பந்தை இழுத்தான், முதல் ஆளைக் கடந்துவிட்டான், இரண்டாவது ஆள் பறித்துவிட்டான். கோல். ஓரத்திலிருந்து "அடிச்சு வுட வேண்டியதுதானடா!" என்று ஒரு குரல். பையன் முகம் சுண்டிப்போய் என்னைப் பார்த்தான். நான் கட்டைவிரலைக் காட்டி, "திருப்பியும் கேளு கண்ணு" என்றேன். அடுத்த கோல்கிக்குக்கு அவனே பெனால்டி ஏரியாவுக்குள் வந்து கையை நீட்டி நின்றான். மேட்ச் 2-1 என்று தோற்றோம். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது என் மனசு நிறைந்திருந்தது.

"எம் பையன் கோல் அடிக்கறவன். அவனை எதுக்கு பேக்ல நிறுத்தறீங்க?"

பத்து வயதில் கோல் அடிக்கிறவன் என்றால் பெரும்பாலும் மற்றவர்களை விட வேகமாக ஓடுகிறவன் என்று அர்த்தம். மற்றவர்கள் வளர்ந்து அதே வேகத்தைப் பிடிக்கும் நாள் வரும். அன்றைக்கு அவன் கையில் வேறு ஏதாவது இருக்க வேண்டும். பின்னால் நின்றால் மொத்த மைதானமும் கண்ணுக்குத் தெரியும். ஃபார்வர்டு எந்த இடத்தில் தவறுவான் என்பதை டிஃபென்டராக ஆடிப் பார்த்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பன்னிரண்டு வயது வரை எல்லாரும் எல்லா இடத்திலும் ஆடுவார்கள், கீப்பர் உட்பட.

"எங்க பையன் குள்ளமா இருக்கான் சார். பெரிய பசங்க இடிச்சுத் தள்ளிடறாங்க. இது அவனுக்குச் சரிப்பட்டு வருமா?"

முதலில் அவன் பிறந்த மாதத்தைப் பார்ப்பேன். வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. ஒன்பது வயதில் ஒரு வருட வித்தியாசம் என்பது வாழ்ந்த வாழ்க்கையில் ஒன்பதில் ஒரு பங்கு. இளையோர் அணிகளில் வருட ஆரம்பத்தில் பிறந்த பிள்ளைகள் அதிகமாக இருப்பதைப் பல நாடுகளில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். திறமை என்று நாம் தேர்ந்தெடுப்பதில் பாதி, சீக்கிரம் பிறந்ததும் சீக்கிரம் வளர்ந்ததும்தான்.

பையன்கள் வேகமாக வளர்வது பெரும்பாலும் 13, 14 வயதில். சிலருக்கு இன்னும் தள்ளிப்போகும். அதுவரை இடிபடாமல் தப்பிக்க, குள்ளமானவன் முன்கூட்டியே பார்க்கவும் பந்தைச் சீக்கிரம் விடவும் கற்றுக்கொள்வான். அது அவனுக்குச் சொத்து. அந்த்வான் கிரீஸ்மனை உயரம் போதாது என்று பிரான்ஸிலேயே பல கிளப்புகள் திருப்பி அனுப்பின. ஸ்பெயினுக்குப் போய்த்தான் வளர்ந்தார். 2018-ல் பிரான்ஸுக்காக உலகக் கோப்பை ஜெயித்தார். ஒன்று மட்டும்: வளரும் வயதில் முட்டிக்குக் கீழேயோ குதிகாலிலோ வலி என்று பையன் சொன்னால் "ஓடினா சரியாயிடும்" என்று விடாதீர்கள். என்னிடம் சொல்லிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

"ஞாயித்துக்கிழமை ஏற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போய் மலை ஏற வெச்சா ஸ்டாமினா வருமில்லீங்களா?"

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். உயரமான இடத்தில் பயிற்சி எடுத்து ரத்தத்தில் மாற்றம் வர வேண்டுமென்றால் பொதுவாக 2,000 மீட்டருக்கு மேலே சில வாரங்கள் தங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வருவதில் அது நடக்காது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவையும் பத்து வயதுப் பையனை ஓட வைத்தால் மிஞ்சுவது முட்டி வலிதான். சின்னப் பசங்களுக்கு ஓட்டம் பந்தோடு வந்தால் போதும்.

ஆனால் ஏற்காட்டுக்குக் கட்டாயம் கூட்டிப் போங்கள், அங்கே பசங்கள் ஆடுவதைப் பார்க்க. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே கிடைக்கிற துண்டு நிலத்தில் ஆடுகிறார்கள். பந்து கொஞ்சம் தள்ளிப் போனால் சரிவில் உருண்டு கீழே போய்விடும், போய் எடுத்து வருவது அடித்தவன் பொறுப்பு. யாரும் சொல்லித் தராமலே பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் பசங்களோடு அவர்கள் ஆடியபோது முதல் டச்சைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். மலை கொடுத்த பலன் அது.

"ஓரத்துல நின்னு சொல்லிக்குடுக்கறதுல என்னங்க தப்பு? நல்லதுக்குத்தானே சொல்றோம்?"

நல்லதுக்குத்தான். ஆனால் "அடி" என்று நீங்களும் "பாஸ்" என்று இன்னொருவரும் "திரும்பு" என்று மூன்றாமவரும் சொல்லும்போது பிள்ளைக்கு எதுவும் காதில் ஏறாது. நானே ஆட்டத்துக்கு நடுவில் மிகக் குறைவாகத்தான் பேசுகிறேன். கை தட்டுங்கள், எதிர் டீம் நன்றாக ஆடினாலும் தட்டுங்கள்.

வீட்டுக்குப் போகும் வண்டிப் பயணம் இதைவிட முக்கியம். பையன் பின்னால் உட்கார்ந்திருக்கிறான், இறங்க முடியாது. அந்த நேரத்தில் மேட்சை அலசாதீர்கள். வழியில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுங்கள். அவனாகப் பேச்சை எடுத்தால் பேசுங்கள்.

"பெரிய டோர்னமென்ட் நடக்குது, கப்பு, பணமெல்லாம் தர்றாங்க. நாம ஏன் போறதில்லை?"

நாக்-அவுட் என்பதால். பதினாறு டீம் வந்தால் முதல் சுற்றிலேயே எட்டு டீம் ஒரே மேட்சோடு கிளம்பிவிடும். யாருக்கு இன்னும் ஆட்டம் தேவையோ அவர்கள்தான் முதலில் வீட்டுக்குப் போகிறார்கள். அதே பதினாறு டீமை நாலு நாலாகப் பிரித்து ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஆடினால் எல்லாருக்கும் மூன்று மேட்ச் கிடைக்கும். அப்படி நடத்துகிறவர்கள் கூப்பிட்டால் அம்மாபேட்டையோ ஆத்தூரோ, கட்டாயம் வருகிறோம். தோற்றால் அவ்வளவுதான் என்கிற மேட்சில் எந்தக் கோச்சுக்கும் சம நேரம் கொடுக்கக் கை வராது. எனக்கும் வரவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன்.

"பொண்ணையும் பசங்களோடவே ஆட விடறீங்களே, பரவாயில்லீங்களா?"

பன்னிரண்டு வயது வரை சேர்ந்தே ஆடட்டும். பெண் பிள்ளைகள் பையன்களை விட இரண்டு வருடம் முன்னாலேயே உயரமாகிவிடுவதால் அந்த வயதில் பல நேரம் அவர்கள்தான் பலசாலிகள். தமிழ்நாடு பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். வழி இருக்கிறது, அனுப்பி வையுங்கள்.

"ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு சர்டிஃபிகேட் வேணுமே சார். ஜெயிச்சாத்தானே கிடைக்கும்?"

நியாயமான கவலை. தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கல்லூரிச் சேர்க்கையிலும் இடம் உண்டு. ஆனால் அங்கே பார்ப்பது அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளை. பத்து வயதில் ஊர் டோர்னமென்ட்டில் வாங்கிய கோப்பை அலமாரிக்குத்தான் ஆகும். பள்ளிப் போட்டிகள் 14, 17, 19 வயதுப் பிரிவுகளில் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று போகின்றன. உங்களுக்குத் தேவையான சான்றிதழ் பெரும்பாலும் மேல் பிரிவுகளில்தான் கிடைக்கும். பதினேழு வயது மாநிலத் தேர்வில் நிற்கும்போது அவனுக்கு இரண்டு காலும் வேலை செய்ய வேண்டும். அதற்குத்தான் இந்தப் பொறுமை.

"மத்த டீம்ல வயசைக் குறைச்சு ஆட வெக்கறாங்க. நாம மட்டும் யோக்கியமா இருந்து என்னங்க பிரயோஜனம்?"

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பதினாலு வயதுப் பையனைப் பன்னிரண்டு என்று இறக்கினால் எதிரணிப் பிள்ளைகளுக்கு அடிபடும், அது ஒன்று. நம் பையனுக்கு நடப்பது அதைவிட மோசம். உடம்பை வைத்தே ஜெயித்துப் பழகி, சொந்த வயதுக்காரர்களோடு ஆட வேண்டி வரும்போது ஒன்றும் தெரியாமல் நிற்பான். மேல் மட்டத்துக்குப் போனால் மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணக்கிடும் டி.டபிள்யூ.3 பரிசோதனை இருக்கிறது. ஃபிஃபா 2009-லிருந்து 17 வயது உலகக் கோப்பைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கிறது. அங்கே மாட்டிக்கொண்டு அவமானப்படுவது பிள்ளைதான், வயதை மாற்றி எழுதிய பெரியவர் இல்லை. பிறப்புச் சான்றிதழில் இருக்கும் தேதிதான் எங்கள் பதிவேட்டில் இருக்கும்.

"அப்ப எப்போதான் சார் ஜெயிக்கறதுக்காக ஆடுவாங்க?"

பதினாலு, பதினைந்தில் மெதுவாக. ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது கடைசிப் பத்து நிமிடத்தை எப்படி ஓட்டுவது, எதிரணியின் பலவீனமான பக்கம் எது, பெனால்டி யார் அடிப்பது, இவையும் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தைகள்தான். பதினேழு வயதுப் பிரிவில் நான் சம நேரம் கொடுப்பதில்லை. அன்றைக்கு யார் தயாரோ அவர்கள் இறங்குவார்கள், மற்றவர்களிடம் காரணத்தை முகத்துக்கு நேரே சொல்வேன். இரண்டாவது கேள்வியில் சொன்ன கோடுகள் நிறைந்த பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் சீக்கிரம் ஏறுகிறது.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார், கப்பு அடிக்கற வேற அகாடமிக்கு மாத்தலாம்னு இருக்கோம்."

தப்பாக நினைக்கவில்லை. வருடத்துக்கு மூன்று நாலு பேர் போகிறார்கள். மனசு கஷ்டப்படும், ஆனால் அது உங்கள் உரிமை. பணம் கட்டுவதற்கு முன் அங்கே ஒரு மேட்சைப் போய்ப் பாருங்கள். வெளியே எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், முடியும்போது அதில் எத்தனை பேர் இறங்கியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பயிற்சியில் ஆளுக்கு ஒரு பந்து இருக்கிறதா, வரிசையில் நின்று காத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு பிள்ளை தப்புப் பண்ணினால் அவன் அடுத்து யார் முகத்தைப் பார்க்கிறான், அந்த முகம் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அங்கேயே சேருங்கள். போகும் முன் பையனை ஒரு தடவை என்னிடம் அனுப்புங்கள். அவனுடைய ஜூன், அக்டோபர் தாள்கள் என்னிடம் இருந்தால் கொடுத்தனுப்புகிறேன், புதுக் கோச்சுக்கு உதவும்.